திட்டக் குழுவுக்குச் சட்டம் வேண்டாமா?

அரசறிவியல் வகுப்பிலே மாணவன் ஒருவன் என்னை ஒருநாள் மடக்கினான். இந்தியாவின் திட்டக் குழு எந்தச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டது என்று அவன் வினவ, ஏதோவொரு சட்டம் இருக்கத்தான் வேண்டும் எனக் கூறிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டியபோது வெட்கமே மிஞ்சியது. அத்தகைய சட்டம் இருந்ததேயில்லை.

1950 மார்ச்சில் மந்திரிசபைத் தீர்மானமொன்றினால் தோன்றிய குழு அது. மாநிலங்களுக்குத் திட்ட உதவிப் பணத்தை அளந்து கொடுத்துப் பேரதிகாரம் செலுத்திய அக்குழு, 2015 சனவரியில் இன்னொரு தீர்மானத்தினால் மறைய, நிதி ஆயோக் அதன் இடத்துக்கு வந்தது. (பெயரைக் கேட்டுப் பணம் பங்கிடும் நிறுவனமென மயங்குவாரும் உளர், அவ்வதிகாரம் அதற்கில்லை.) பிறப்புக்கும் இறப்புக்கும் பாராளுமன்றத்தின் சட்டம் வேண்டப்படவில்லை. நிதி ஆணைக்குழுவோ அரசியலமைப்பின் 280ஆம் உறுப்புரையில் வேரூன்றியது. மந்திரிசபை நினைத்த மாத்திரத்தில் அதனைக் கலைத்துவிட முடியாது.

மாநிலங்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. கேரளத்தின் திட்டச் சபை 1967இலும் தமிழ்நாட்டின் திட்டக் குழு 1971இலும் தோன்றின. இரண்டுக்கும் முதலமைச்சரே தலைவர். தமிழ்நாட்டுக் குழு 2020இல் பெயர் மாறியது. 2021இல் ஆட்சி மாறியதும் அதன் உறுப்பினரும் மாறினர்.

இதிலுள்ள விந்தையைப் பாருங்கள். 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தத்தின்படி, மாவட்டத் திட்டக் குழுவை மாநிலச் சட்டசபை சட்டத்தினாலேயே அமைத்தல் வேண்டும். அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினராவது உள்ளூர் மன்றங்களுக்குத் தெரிவானோராயிருத்தலும் வேண்டும். கீழே உள்ள குழுவுக்குச் சட்டம். அதற்கு மேலே மாநிலம் முழுவதற்கும் திட்டமிடும் குழுவுக்கு வெறும் அரசாணை!

சட்டம் வந்தால் குழு இறுகிவிடும் என்பார் நண்பர் ஒருவர். அக்கூற்றை நான் முற்றாக மறுக்கமாட்டேன். 1996இல் கேரளம் தன் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேலாக உள்ளூர் மன்றங்களுக்கு விட்டுக்கொடுத்தபோது, முன்னே சென்றது அரசின் துணிவு. விரிவான சட்டத் திருத்தங்கள் பின்னரே தொடர்ந்தன. அம்முயற்சியை நடத்தியதும் சட்டத்தால் அமையாத அத் திட்டச் சபையே. சட்டமொன்றே துணிவைத் தந்துவிடாது என்பது மெய்தான்.

ஆயினும், கசப்பான கணக்கொன்றை எடுத்துரைத்தால் நாளை பதவி போய்விடும் என அஞ்சும் அறிஞர் அக்கணக்கை எழுதுவாரா? எழுதமாட்டார்; அல்லது மென்மையாக எழுதுவார். இனிக்கும் செய்தியை மாத்திரம் கேட்கும் அரசு அணையையும் பாடசாலையையும் தவறான இடத்திலே கட்டும். அதன் செலவு வரி கொடுப்போரின் தலையிலேதான் விழும்.

ஆகவே நான் வேண்டும் சட்டமூலம் நீண்டதன்று. முதலமைச்சரே தலைவராயிருக்கட்டும், உறுப்பினரையும் அவரே தெரிவுசெய்யட்டும். நியமித்த பின்னர் அவர்களுக்கு நிலையான பதவிக்காலம் இருத்தல் வேண்டும். மாவட்டக் குழுக்களின் பிரதிநிதிகளுக்கும் அங்கே சில ஆசனங்கள் வேண்டும். குழுவின் ஆண்டறிக்கை, மாறுபட்ட கருத்துகளும் சேர்ந்தபடியே, வரவுசெலவுத் திட்ட விவாதம் தொடங்குமுன் சட்டசபையின் மேசைக்கு வருதல் வேண்டும்.