கணக்கு இன்னும் முடியவில்லை

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவரை வழியனுப்ப நம் ஊரில் ஒரு கூட்டமே திரளும். மாலை உண்டு, ஆசி உண்டு, சுவரொட்டிகூட உண்டு. திரும்பி வந்தவரிடமோ, "என்ன வாங்கி வந்தாய்?" என்று கேட்பதோடு சரி. சாக்லேட் டப்பா காலியானதும் அந்தப் பேச்சும் முடிந்துவிடுகிறது.

இக்கல்லூரியில் வரலாறு பயின்று, பின்னர் முதுகலைப் படிப்பின்போது உதவித்தொகை பெற்று, ஜெர்மனியின் ஹாலே நகரில் ஓராண்டு கற்று வந்தேன். அந்த உரிமையில் ஒன்று சொல்லத் துணிகிறேன். விமானம் தரையிறங்கியதும் வெளிநாட்டுப் படிப்பு முடிந்துவிடுவதில்லை. கற்றதையும் பட்டதையும் பின்னால் வருகிறவர்களுக்கு ஒளிக்காமல் சொன்ன பிறகே அது முடிகிறது.

கணக்கு வழக்கில் ஜெர்மானியர்கள் கறாரானவர்கள். ஊர் திரும்பும் மாணவர் நகர அலுவலகத்துக்குச் சென்று தம் குடியிருப்புப் பதிவை நீக்க வேண்டும். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டும். விடுதி அறையைத் துடைத்துச் சுத்தம் செய்து சாவியை ஒப்படைத்தால்தான் முன்பணம் திரும்பும். வீட்டுக்கு வீடு வசூலிக்கும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, நிறுத்தும்படி எழுதிக் கொடுக்காவிட்டால் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். காப்பீடு, வங்கி, கைப்பேசி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம். இத்தனையும் முடித்து நான் இரயில் ஏறியபோது அந்த நாட்டுக்கு ஒரு காசு பாக்கி இல்லை. ஆனால் என் ஊருக்கு?

ஊருக்குத் தர வேண்டிய முதல் பாக்கி உண்மை. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்ற பேச்சு இன்று நம் கடைவீதி வரை வந்துவிட்டது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது மெய்தான். ஆனால் வாடகையும் சோறும் இலவசம் அல்லவே! சொந்தச் செலவில் போகிறவர் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம்தான் அதிலிருந்து எடுக்க முடியும். நம் பணத்தில் அது 10 இலட்ச ரூபாய்க்கு மேல். வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தை அடகு வைக்கும் தகப்பனாருக்கு இந்த எண் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா? வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஆண்டுக்கு 140 முழு நாட்கள்தான் வேலை செய்ய அனுமதி. அதற்கும் ஜெர்மன் மொழி கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பனியில் நின்று எடுத்த படம் வீட்டுக்கு வந்து சேரும். டிசம்பரில் மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிட்ட அறையில், பேச ஆளில்லாமல் வெங்காயம் நறுக்கிய பொழுதுகளின் படம் வருவதில்லை.

"இதையெல்லாம் சொன்னால் ஏழைப் பிள்ளைகள் அஞ்சிப் பின்வாங்குவார்களே" என்று சிலர் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பணம் படைத்தவனுக்குத் தவறான தகவல் ஒரு சங்கடம். ஏழைக்கோ அது ஒரு காணி நிலம். சரியான எண்ணை அறிந்தவன்தான் உதவித்தொகைக்கு நேரத்தோடு எழுதிப்போடுவான், மொழியை இங்கேயே கற்கத் தொடங்குவான். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் பயின்ற இந்திய மாணவர்கள் 49,000 பேருக்கு மேல். அயல்நாட்டு மாணவர்களில் முதலிடம் நமக்குத்தான். அந்த வரிசையில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது பாக்கி, கற்ற கல்வி. 1922-இல் ஜெர்மனி சென்ற ஜாகிர் உசேன் பெர்லினில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்று 1926-இல் திரும்பினார். மூடப்படும் நிலையில் இருந்த ஜாமியா மில்லியாவைத் தூக்கி நிறுத்தவே அவரும் நண்பர்கள் இருவரும் வந்தார்கள். கையால் செய்யும் வேலை வழியே கல்வி என்ற கெர்ஷன்ஷ்டைனரின் கருத்து அவரைக் கவர்ந்திருந்தது. 1937-இல் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவர் அவரே. அந்த ஆதாரக் கல்வி நம் ஊருக்கு அருகே காந்திகிராமத்திலும் வேரூன்றியது. பெர்லினில் படித்த ஒருவரின் சிந்தனை சின்னாளபட்டி வரை வந்தது எப்படி? அவர் தம் கணக்கை முடித்ததால் அல்லவா!

அங்கேயே தங்கிவிட்டவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. சூரிச்சில் பயின்ற செண்பகராமன் பிள்ளை 1934-இல் பெர்லினில் மறைந்தார். அவருடைய அஸ்தி பின்னர் தாயகம் வந்தது. உடல் எங்கிருந்தாலும் அவர் உழைத்தது இந்நாட்டின் விடுதலைக்கு. எங்கிருக்கிறோம் என்பதைவிட யாரை நினைத்திருக்கிறோம் என்பதே பெரிது.

நான் கண்டு வந்ததில் ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் தொழில் பழகும் இளைஞர் வாரத்தில் சில நாட்கள் பட்டறையிலும் சில நாட்கள் தொழிற்பள்ளியிலும் கற்கிறார். பயிற்சியின்போதே ஊதியம் உண்டு, முடிவில் பொதுத்தேர்வு உண்டு, சமூகத்தில் மதிப்பும் உண்டு. நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ந்தோம். ஆனால் மாங்காய்ப் பூட்டை அரம் பிடித்து உருவாக்கும் கைவினைஞரின் மகன் அத்தொழிலுக்கு வரத் தயங்குகிறான். தந்தையிடம் பூட்டும், பள்ளியில் கணக்கும் வரைபடமும் ஒருசேரக் கற்றுச் சான்றிதழ் பெறும் ஏற்பாடு இங்கும் ஏன் கூடாது?

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தில் ஒரு பேரேடு வைப்போம். வெளிநாடு சென்று திரும்பும் முன்னாள் மாணவர் ஒவ்வொருவரும் தாம் செய்த செலவு, பட்ட சிரமம், கற்ற பாடம், இங்கே செய்யத்தக்கது ஆகிய நான்கையும் அதில் எழுதட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் மாணவர்களின் கேள்விகளுக்கு நேரில் விடை சொல்லட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை. ஒரு தடித்த நோட்டும் கொஞ்சம் நேர்மையும் போதும். அதன் முதல் பக்கங்களை என் வரவு செலவோடு நானே எழுதித் தருகிறேன்.