எலுமிச்சைப்புல் தேநீரும் பிரஷர் மாத்திரையும்

பேர்லேண்டில் நம்மவர் பலர் வீட்டுப் பின்புறத்தில் எலுமிச்சைப்புல் வளர்க்கிறோம். இலங்கையில் சிங்களவர் 'சேர' என்று கறிக்குப் போடுவது இதுதான். சிறுவயதில் அகதியாக ஊரைவிட்டு வந்த எனக்கு அதன் வாசனையே ஒரு ஆறுதல். 1975க்குப் பின் அகதிகளாக ஹூஸ்டன் வந்த வியட்நாமியர் சமையலிலும் இதற்குத் தனி இடம் உண்டு.

தண்டின் அடிப்பகுதியைத் தட்டி ரசத்திலோ மீன் குழம்பிலோ போடலாம், பரிமாறுமுன் எடுத்துவிடுங்கள். இலையை நறுக்கி வெந்நீரில் 5 நிமிடம் ஊறவைத்தால் தேநீர் தயார். அந்த எலுமிச்சை மணத்துக்குக் காரணம் சிட்ரால் என்னும் பொருள்.

என் கவலை வேறு. "இதைக் குடிக்கிறேனே, மாத்திரை எதற்கு?" என்று பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரைக்குப் பதிலாக இந்தப் புல் போதும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. பிரஷர் பெரும்பாலும் வலி காட்டாது. பக்கவாதம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

கடையில் விற்கும் எலுமிச்சைப்புல் எண்ணெயைக் குடிக்காதீர்கள். கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு அருந்துவது நல்லது.

தேநீரைக் குடியுங்கள், மாத்திரையையும் போடுங்கள். என்ன கஷாயம் குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.