அடுப்பு ஏன் நின்றது என்று அடுப்பே சொல்லட்டும்

தொட்டி நிறைய பெல்லட் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. நெருப்புக் கிண்ணத்தில் மட்டும் ஒரு பெல்லட்கூட விழவில்லை. அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் போன்ற மாநிலங்களில் ஜனவரி மாதம் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு இப்படி நின்றால் குளிரோடு முடிவதில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கவும் கூடும். பதற்றத்தில் பலர், பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளும் ஆகர் மோட்டார்மேல் பழி போட்டுப் புதியதை வாங்கிவிடுகிறார்கள். பல நேரங்களில் அது வீண் செலவு.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சி. போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்ட் 1980களில் அதை எரிக்கும் வீட்டு அடுப்பை உருவாக்கினார். விறகைப் போல ஆள் நின்று தள்ள வேண்டாம். ஆகர் எனும் திருகுத் தண்டு மெதுவாகச் சுழன்று பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பில் கொட்டும். விசிறி ஒன்று புகையை வெளியே இழுக்கும்.

அந்த இழுவை குறைந்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் திரும்பலாம். அதைத் தடுக்கத்தான் வேக்குவம் சுவிட்ச். கதவு சரியாக மூடவில்லை, கதவோரத்தை அடைக்கும் கேஸ்கெட் தேய்ந்துவிட்டது, புகைக்குழாயில் சாம்பல் அடைத்திருக்கிறது என்றால் ஆகருக்குப் போகும் மின்சாரத்தை அது துண்டித்துவிடும். அடுப்பு அளவுக்கு மீறிச் சூடானாலும் நிறுத்துவதற்கு வேறொரு சுவிட்ச் உண்டு. ஆக, பழுது என்று தோன்றுவது பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்வதாகவும் இருக்கலாம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: மோட்டார் சுழல்கிறதா?

சுழன்றும் பெல்லட் வரவில்லையென்றால் கோளாறு எரிபொருளின் வழியில். தொட்டியில் பெல்லட்டுகள் ஒன்றையொன்று தாங்கி வளைவாக நின்று, கீழே வெற்றிடம் விட்டிருக்கலாம். அடியில் தூள் சேர்ந்திருக்கலாம். ஈரம் பட்ட பெல்லட் ஊதி உதிர்ந்து, ஆகர் குழாயில் கெட்டியாக இறுகியிருக்கலாம். தண்டையும் மோட்டாரையும் இணைக்கும் திருகு கழன்றிருக்கவும் கூடும். மலிவு மூட்டைக்கு ஆசைப்படுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அமெரிக்காவின் பெல்லட் தரவிதி, உயர்தர மூட்டையில் தூள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீண்ட குச்சிகள் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

மோட்டார் சுழலவில்லையென்றால், மின்சாரம் அதுவரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். கதவு, சாம்பல் தட்டு, புகைக்குழாய், வேக்குவம் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகே மோட்டாரைச் சந்தேகிக்கலாம். இவற்றில் கை வைக்குமுன் அடுப்பு ஆற வேண்டும். பிளக்கையும் கழற்றிவிட வேண்டும்.

மோட்டாரை வீணாக மாற்றுவதைவிட ஆபத்தான குறுக்குவழி, வேக்குவம் சுவிட்சை வயர் போட்டுத் தாண்டி விடுவது. சோதனைக்காக ஒரு நிமிடம் என்று தொடங்கி, குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடைத்த குழாய் அடைத்தபடியே இருக்க, அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

குற்றத்தை வீட்டுக்காரர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. பல மாடல்கள் ஒரு விளக்கை மினுக்கிவிட்டு மௌனமாகிவிடுகின்றன. அதன் பொருள் கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் கிடக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015இல் விதித்து, 2020இல் மேலும் இறுக்கிய புகை வரம்புக்காக நிறுவனங்கள் அடுப்பின் வடிவமைப்பையே மாற்றின. அதைச் செய்ய முடிந்தவர்களால், "வேக்குவம் சுவிட்ச் நிறுத்தியது, கதவையும் புகைக்குழாயையும் பாருங்கள்" என்று திரையில் ஒரு வரி காட்டவும் முடியும். அடுத்த மாடலிலேயே அது வர வேண்டும்.