தங்கச் சுரங்கத்தில் பிடிபட்ட துகள்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கச் சிறுவர்களுக்கு வினாடி வினா நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'கே.ஜி.எஃப். எதற்குப் பெயர் பெற்றது?' என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு கைகள் ஒன்றாக உயர்ந்தன. எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: சினிமா! ஒரே ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "தங்கம், அங்கிள். எங்க தாத்தா அங்கேதான் வேலை செய்தார்" என்றாள். அவளுக்கு ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, "1965-இல் அங்கே தங்கத்தைத் தவிர வேறு என்ன கிடைத்தது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். சிறுவர்கள் விழித்தார்கள். சரி, பெரியவர்கள் சொல்லலாம் என்று பெற்றோர் பக்கம் திரும்பினேன். அங்கும் மௌனம். இத்தனைக்கும் அந்த வரிசையில் மாரிக்குப்பம் ரயிலில் வளர்ந்தவர்கள் நான்கு பேராவது இருந்திருப்பார்கள்.

அன்று மேடையில் சொல்ல நேரமில்லாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

நியூட்ரினோ என்ற துகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு மின்னேற்றம் கிடையாது. எடையும் இல்லையென்றே சொல்லும்படி அவ்வளவு சொற்பம். 1930-இல் உல்ஃப்காங் பௌலி என்ற விஞ்ஞானி, கணக்கு நேராக வேண்டுமானால் இப்படி ஒரு துகள் இருந்தாக வேண்டும் என்று சொன்னார். 1956-இல் அமெரிக்காவில் ரெயின்ஸ், கோவன் என்ற இருவர் அணு உலையின் அருகில் கருவி வைத்து அதைக் கண்டார்கள். அது மனிதன் கட்டிய உலையிலிருந்து வந்தது. வானத்திலிருந்து இயற்கையாக வரும் நியூட்ரினோவை அதுவரை யாரும் பிடித்ததில்லை. சூரியனிலிருந்து மட்டும் உங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒவ்வொரு நொடியும் ஆறாயிரம் கோடிக்கு மேல் வந்து, உடலையும் பூமியையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகின்றன. எதையும் தொடுவதில்லை. எதையும் தொடாத ஒன்றை எப்படிப் பிடிப்பது?

ஆயிரம் கோடியில் ஒன்று என்றாவது தொடும், அதற்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் தரைக்கு மேலே காத்திருந்தால் பயனில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற இன்னொரு துகள் மழைபோல் கொட்டுகிறது. நீட்டிய உள்ளங்கையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு விழும். நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் கல்யாண வீட்டில் ஊசி விழும் ஓசையைக் கேட்க முடியுமா? சத்தம் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடம் பூமிக்கு அடியில்தான் இருக்கிறது.

பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஹோமி பாபாவுக்கு இந்த யோசனை முன்பே இருந்தது. ஐம்பதுகளிலேயே பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கருவிகளோடு கோலார் தங்கவயலுக்கு வந்தார். ஆழம் செல்லச் செல்ல மியூவான் எப்படிக் குறைகிறது என்று ஒவ்வொரு மட்டமாக அளந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் மிக ஆழமான மட்டத்தில் கருவியை வைத்தபோது வாரக்கணக்கில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. மற்றவர்களுக்கு அது தோல்வியாகப் பட்டிருக்கும். அவர்களோ துள்ளிக் குதித்திருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் தேடிய அமைதி அதுதான்.

எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன் முதலிய பம்பாய்க்காரர்கள், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்து மியாகே, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்து உல்ஃபென்டேல் ஆகிய மூன்று நாட்டு ஆட்கள் சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 7600 அடி ஆழத்தில் கருவியை அமைத்தார்கள். எதிரெதிரே இரண்டு சுவர்கள். துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பலகைகளால் ஆனவை. நடுவில் நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள். இரண்டு சுவரும் ஒரே கணத்தில் மினுங்கினால், துகள் போன தடத்தில் உள்ள குழாய்கள் ஒளிரும், காமிரா படம் எடுத்துவிடும்.

இதில் உள்ள புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். அவ்வளவு ஆழத்துக்குத் தப்பித் தவறி வரும் மியூவான்கள் நேர் தலைக்கு மேலிருந்துதான் வரும், ஏனென்றால் அதுதான் குறுக்கு வழி. பக்கவாட்டில் வர வேண்டுமானால் பல பத்துக் கிலோமீட்டர் பாறையைக் கடக்க வேண்டும். எந்த மியூவானாலும் அது ஆகாது. ஆகவே கிடைமட்டமாக ஒன்று வந்தால், அது எங்கோ தொலைவிலிருந்து வந்ததல்ல; பக்கத்துப் பாறையில் ஒரு நியூட்ரினோ மோதி அங்கேயே பிறந்தது. அதனால்தான் கருவியைத் தரையில் படுக்க வைக்காமல் சுவராக நிறுத்தினார்கள். 1965-இல் அப்படிப்பட்ட தடங்கள் வந்தன. விரல் விட்டு எண்ணக்கூடியவைதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாதவை.

இங்கே நம்மவர்களின் பெருமைப் பேச்சுக்கு ஒரு கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. 'நமக்கு வரவேண்டிய நோபல் பரிசை வெள்ளைக்காரன் தட்டிக்கொண்டு போனான்' என்று ஒரு நண்பர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அது சரியல்ல. அதே சமயம் ரெயின்ஸ் குழுவும் தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் அருகே ஒரு தங்கச் சுரங்கத்தில் இதே வேட்டையில் இருந்தது. அவர்களுக்கு முதல் துகள் 1965 பிப்ரவரியிலேயே கிடைத்துவிட்டது. கட்டுரை வெளியிட்டதில் கோலார் முந்தியது, அதுவும் இரண்டு வாரம்தான். இரண்டும் ஆகஸ்டில் வந்தன. ரெயின்ஸுக்கு 1995-இல் கிடைத்த நோபல் 1956-ஆம் ஆண்டு வேலைக்காக. யாரும் யாரிடமும் திருடவில்லை. உலகில் முதன்முதலாக இதைச் செய்த இரண்டு இடங்களில் ஒன்று நம் ஊர் என்பது உண்மை. அந்த உண்மையே போதாதா?

என் ஆதங்கம் வேறு. அந்த 7600 அடிக் குழியை யார் தோண்டினார்கள்? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள். பெரும்பாலும் ஊரில் ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள், சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். பாறையே சுடுகிற ஆழத்தில், எப்போது வெடித்துச் சிதறும் என்று தெரியாத பாறைகளுக்கு நடுவே வேலை செய்தார்கள். தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்து போனவர்கள் எத்தனையோ பேர். பௌதிக வரலாற்றை எழுதுகிறவர்கள் 'வசதியாக அங்கே ஓர் ஆழமான சுரங்கம் இருந்தது' என்று ஒரு வரியில் அதைக் கடந்துவிடுகிறார்கள். ஏதோ மலையும் ஆறும் இருந்ததுபோல!

என் அப்பாவும் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர்தான். 1980-இல் அதே ஆழத்தில் இன்னொரு சோதனை தொடங்கியது. அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் என்றாவது தானாக அழியுமா என்று பார்ப்பதற்காக, 140 டன் இரும்பை அடுக்கடுக்காகக் கட்டி வைத்தார்கள். அந்த இரும்பைக் கேஜில் இறக்கிய ஆட்களில் அப்பாவும் ஒருவர். வீட்டுக்கு வந்து, "உலகத்திலே எல்லாரும் சுரங்கத்துக்குள்ளே இருந்து மேலே கொண்டுவருவான். இவங்க மேலே இருந்து இரும்பைக் கீழே கொண்டுபோறாங்கடா" என்று சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. எதற்காக என்று அவரும் கேட்கவில்லை, அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. புரோட்டான் அழியும் என்பதை அங்கும் சரி, வேறெங்கும் சரி, இன்றுவரை யாரும் நிரூபித்தபாடில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சோதனைகள் நின்றன. 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறியது. சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் இப்போது போய்ப் பார்க்க எதுவும் இல்லை.

'எவரும் சொல்லவில்லை' என்ற அந்த வார்த்தையைத்தான் தேனியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். கோலார் போனபின் இந்தியாவுக்கு மறுபடி ஒரு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வேண்டும் என்று விஞ்ஞானிகள் கிளம்பினார்கள். முதலில் நீலகிரியில் சிங்காராவைக் கேட்டார்கள். யானையும் புலியும் நடமாடும் இடம் என்று 2009-இல் மத்திய அரசு மறுத்துவிட்டது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரம். மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் குகைப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளக் கூடம், அதில் 50,000 டன் காந்த இரும்பு. 'பழைய கோலாரிலேயே வைத்தால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. 140 டன்னை இறக்கியவரின் மகன் சொல்கிறேன்: 50,000 டன்னைக் கேஜில் இறக்க முடியாது!

2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, சுமார் 1500 கோடி ரூபாய்த் திட்டம். எதிர்ப்பும் கிளம்பியது. நம்மில் போடி, தேவாரம் பக்கத்துக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் வீட்டுச் செல்போன்களுக்கு அப்போது வந்த செய்திகளை நானும் படித்தேன். நியூட்ரினோ கதிர்வீச்சால் பிள்ளைகள் ஊனமாகப் பிறக்கும், அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்றெல்லாம். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நியூட்ரினோவைக் கண்டு பயப்பட ஒன்றுமே இல்லை. ஆய்வுக்கூடம் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்களைத் துளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்தப் புரளிகளைச் சங்கக் குழுவில் பரப்பிய படித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகள் அந்தக் கருவிகளுக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கேடு வந்தது தூசியாலும் பாறையாலும்தான்.

ஆனால் மலையைப் பற்றிய கேள்வி அப்படித் தள்ளக்கூடியதல்ல. குகை தோண்டும்போது வெடி வைக்க வேண்டும், லட்சக்கணக்கான டன் கல்லை எங்காவது கொட்ட வேண்டும், பக்கத்தில் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்தத் தூரத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு மத்திய அரசு சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதித்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகளின் வழித்தடம் இது, இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. துகள் பற்றி ஊராருக்கு வந்த பயம் தவறு. ஆனால் தங்களைக் கேட்காமல் தங்கள் மலையில் ஏதோ நடக்கிறது என்று வந்த பயம் தவறா? மெத்தப் படித்தவர்கள் தாமதமாக வந்து, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் யார் நம்புவார்கள்?

இதற்கிடையில் உலகம் நிற்கவில்லை. 1998-இல் ஜப்பானில், அதுவும் ஒரு பழைய சுரங்கத்தில்தான், நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்பது உறுதியானது. அதற்கு 2015-இல் நோபல் பரிசும் வந்தது. மூன்று வகை நியூட்ரினோக்களில் எது கனமானது, எது லேசானது என்று அறிவதுதான் தேனியின் முக்கிய நோக்கம். அதே கேள்விக்காகச் சீனாவில் கட்டிய 20,000 டன் கருவி 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. நம்மிடம் இருப்பது மதுரைக்கு அருகே வடபழஞ்சியில் 85 டன்னில் ஒரு சிறிய மாதிரி. எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் புலி வழித்தடம் என்றால் வேறு மலையைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். இம்முறை அந்த மலையடிவாரத்து ஆட்களிடம், அவர்கள் மொழியில், முதல் கல்லை உடைக்கும் முன்பே சொல்லுங்கள்.

நம்மால் ஆகக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. சாம்பியன் ரீஃபிலும் நந்திதுர்க்கிலும் மைசூர் மைனிலும் இறங்கியவர்கள் இன்னும் சிலர் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டிவிட்டவர்கள். அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பலகை சுமந்தவர்கள், விளக்குப் பிடித்தவர்கள், கேஜ் ஓட்டியவர்கள் அவர்களில் இருக்கலாம். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பேனா பரிசு வாங்கிய சிறுமியின் தாத்தா முதல் ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாடிப்படி ஏற முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே வருகிறேன்.