கடிகாரம் மட்டும் போதுமா?



மார்கழி மாதத்து விடியற்காலையில் சென்னைக் கடற்கரைச் சாலைப் பக்கம் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். இளைஞர்களும், நடுத்தர வயதினரும், தலை நரைத்தவர்களும் கூட்டம் கூட்டமாக ஓடிப் பழகிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலருடைய இலக்கு அரை மாரத்தான். முழு மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதில் சரிபாதி, அதாவது 21 கிலோமீட்டர் 97.5 மீட்டர், அரை மாரத்தான்.

உங்களில் பெரும்பாலோருக்கு இந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளும் வயது இன்னும் வரவில்லை. பல போட்டிகளில் 16 அல்லது 18 வயது நிரம்பியவர்களையே சேர்த்துக்கொள்கிறார்கள். அது சரியான விதிதான். இருந்தும் இதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். ஓடப்போகும் அக்காவோ சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருக்கலாம். போட்டி நாளில் தண்ணீர் கொடுக்கும் தொண்டராக உங்களையே அழைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 21 கிலோமீட்டர் ஓடுகிறவரின் உடலுக்குப் பொருந்தும் இயற்கை விதி, உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் 1,500 மீட்டர் ஓடுகிற மாணவியின் உடலுக்கும் பொருந்தும்.

போட்டி நாளுக்குத் தயாராவது என்றால் நம் நினைவுக்கு வருவன எவை? நல்ல காலணி, பழக்கமான உடை, அலாரம் வைத்த கடிகாரம். "எத்தனை மணிக்கு ஓட்டம்?" என்று எல்லோரும் கேட்கிறோம். "காற்றில் எவ்வளவு ஈரம்?" என்று யாரும் கேட்பதில்லை. கடலோர நகரத்தில் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உடல் என்னும் உலை

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறத்தாழ 60 கிலோ கலோரி ஆற்றல் செலவாகிறது. 21 கிலோமீட்டருக்குச் சுமார் 1,260 கிலோ கலோரி. நம் தசைகள் மிகச் சிக்கனமான எந்திரங்கள் அல்ல. செலவாகும் ஆற்றலில் குறைந்தது முக்கால் பங்கு வெப்பமாகவே மாறுகிறது. அப்படியானால் ஓடி முடிப்பதற்குள் ஏறத்தாழ 950 கிலோ கலோரி வெப்பம் அந்த உடலுக்குள் உண்டாகிறது.

60 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தச் சுமார் 50 கிலோ கலோரி போதும். இப்போது வகுத்துப் பாருங்கள். உண்டான வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டால் உடல் வெப்பநிலை 19 டிகிரி உயர வேண்டும்! 37 டிகிரியில் புறப்பட்டவர் 56 டிகிரியில் வந்து சேர வேண்டும். 40 டிகிரியைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து வரக்கூடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஓடுகிறவரைக் காப்பாற்றுவது வியர்வை. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். தோலின்மீது ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறுகிறது. ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகமாக வியர்வை ஆவியானால் நம் கணக்கு நேராகிவிடும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "ஆவியானால்". வியர்த்தால் போதாது, வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது வீணாகப் போன தண்ணீர், வீணாகப் போன உப்பு. கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் அது மேலும் நீராவியை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி உலராதது போலத்தான் இதுவும்.

நள்ளிரவில் நடந்த பாடம்

"வெயில் இல்லாத நேரத்தில் ஓடினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இதே எண்ணத்தில் ஓர் உலகப் போட்டியே நடந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு உலகத் தடகளப் போட்டிகள் கத்தார் நாட்டின் தலைநகரான தோஹாவில் நடைபெற்றன. தோஹாவும் கடலோர நகரம். பகல் வெப்பத்துக்கு அஞ்சிப் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். சூரியன் இல்லை. ஆனால் வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல் இருந்தது. ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர். ஓடி முடித்தவர்கள் 40 பேர். உலகின் சிறந்த வீராங்கனைகளில் 28 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள்.

கடிகாரத்தை மட்டும் பார்த்துப் போட்டியை வகுத்ததன் விளைவு இது. அடுத்த மாதமே ஒலிம்பிக் அமைப்பாளர்கள் விழித்துக்கொண்டார்கள். டோக்கியோவில் நடக்கவிருந்த மாரத்தானை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வடக்கே, குளிர்ச்சியான சப்போரோ நகரத்துக்கு மாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் அங்கே ஓட்டம் நடந்தபோதும் வெப்பத்துக்கு அஞ்சிப் பெண்கள் மாரத்தானை ஒரு மணி நேரம் முன்கூட்டியே தொடங்கினார்கள்.

இரண்டு வெப்பமானிகளும் ஒரு துணியும்

காற்றின் தன்மையை அறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள சாதாரண வெப்பமானிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது.) ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் மறுமுனை ஒரு கிண்ணத் தண்ணீரில் நனைந்திருக்குமாறு செய்யுங்கள். இரண்டையும் காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். துணி சுற்றியது ஈரக்குமிழ், மற்றது உலர்குமிழ்.

உலர்குமிழ் 36, ஈரக்குமிழ் 24 என்று காட்டினால் வித்தியாசம் 12 டிகிரி. காற்று வறண்டிருக்கிறது, வியர்வை விரைவில் ஆவியாகும். உலர்குமிழ் 30, ஈரக்குமிழ் 27 என்று காட்டினால் வித்தியாசம் வெறும் 3 டிகிரி. "இன்று 30 டிகிரிதானே" என்று மனம் சொல்லும். ஆனால் ஈரத்துணியால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாத காற்றில் உங்கள் ஈரத்தோலும் சிரமப்படும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1950களில் அமெரிக்காவில் பாரிஸ் தீவு என்ற கடலோரப் பயிற்சி முகாமில் படைவீரர்கள் வெப்பத்தால் மயங்கி விழுந்தபோது, விஞ்ஞானிகள் ஓர் அளவையை உருவாக்கினார்கள். அதில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குப் பத்தில் ஏழு பங்கும், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பநிலைக்கு இரண்டு பங்கும், சாதாரண வெப்பநிலைக்கு ஒரே ஒரு பங்கும் கொடுத்தார்கள். நாம் தினமும் செய்தியில் கேட்கும் வெப்பநிலைக்கு எவ்வளவு சிறிய இடம் பாருங்கள்! இந்த அளவை 28 டிகிரியைத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டங்களை நிறுத்திவைக்க வேண்டும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பரிந்துரைத்தது.

அப்படியானால் விடியற்காலையில் ஓடுவது தவறா? இல்லை. விடியலில் ஒப்பு ஈரப்பதம் மிக அதிகமாக இருந்தாலும், வெப்பநிலை குறைவாக இருப்பதால் ஈரக்குமிழும் தாழ்ந்தே நிற்கும். ஜனவரியில், விடியலில் ஓடுவது சென்னைக்கு ஏற்ற முடிவுதான். ஆனால் அது எல்லா மாதத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஓடுகிறவர் செய்ய வேண்டியவை

காற்றை அறிந்தபின் தயாரிப்பு எளிது. முதலாவது, பழக்கம். 10 முதல் 14 நாட்கள் அதே வெப்பத்தில் அளவோடு ஓடிப் பழகினால் உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் நீர்மப் பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது. வியர்வையில் உப்பு குறைகிறது. உதகையிலோ கொடைக்கானலிலோ பயிற்சி செய்துவிட்டு முதல் நாள் இரவு சென்னையில் வந்து இறங்குகிறவர், எவ்வளவு நன்றாக ஓடினாலும், பாதித் தயாரிப்போடுதான் வருகிறார்.

இரண்டாவது, உணவு. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேமிப்பாக இருக்கிறது. நன்றாக உண்டு ஓய்வெடுத்தவரின் சேமிப்பு அரை மாரத்தானுக்குப் பெரும்பாலும் போதும். ஆகவே முதல் நாள் இரவு விருந்து தேவையில்லை. வழக்கமான சோறு போதும். காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடலாம். அன்றைக்கென்று புதிய உணவும் வேண்டாம், புதிய காலணியும் வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர். "எவ்வளவு குடித்தாலும் நல்லது" என்பது தவறு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம். இதுவும் உயிரைப் பறிக்கக்கூடியது. பயிற்சி நாளில் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிற்று என்று பொருள். தாகத்துக்குக் குடிக்கலாம், எடை கூடும் அளவுக்குக் குடிக்கக் கூடாது.

நான்காவது, வேகம். உடலில் உண்டாகும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே குழாய் வேகம்தான். ஈரக்குமிழ் உயர்ந்திருக்கும் நாளில் முதல் கிலோமீட்டரிலிருந்தே மெதுவாக ஓட வேண்டும். ஓடுகிறவர் தள்ளாடினாலோ, குழப்பமாகப் பேசினாலோ உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரால் நனைத்து விசிற வேண்டும். பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதில் கழுத்தளவு அமர்த்தலாம். 108க்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

நான் மறக்காத ஓர் ஓட்டம்

நான் படித்தது ஒரு கடலோர ஊர்ப் பள்ளி. ஒரு விளையாட்டு விழாவில் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. காலை 8 மணிக்கு நடக்க வேண்டிய 1,500 மீட்டர் ஓட்டம் 11 மணிக்கு நடந்தது. முதலில் வந்துகொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவி கடைசிச் சுற்றில் தள்ளாடி விழுந்தாள். "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்றார்கள். அவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு என்னோடுதான் நடந்து வந்தாள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதன்பிறகு அவள் ஓடவே இல்லை. குற்றம் அவளுடைய வயிற்றின்மீது சுமத்தப்பட்டது. அன்றைய காற்றை யாரும் அளந்து பார்க்கவில்லை.

"நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் ஓடவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஓடினீர்கள், விழுந்தவர்களை மறந்துவிட்டீர்கள். "அனுமதி வாங்கிய நாளை, அழைத்த விருந்தினரை எப்படி மாற்றுவது?" என்று அமைப்பாளர்கள் கேட்பார்கள். அது உண்மையான சிரமம்தான். ஆனால் ஓர் ஒலிம்பிக் ஓட்டத்தையே வேறு நகரத்துக்கு மாற்ற முடிந்ததே! நாளை மாற்ற முடியாவிட்டால் தூரத்தைக் குறைக்கலாம். விருந்தினர் வருவதற்கு முன்பே ஓட்டத்தை முடித்துவிட்டுப் பரிசை மட்டும் அவர் கையால் கொடுக்கலாம்.

அரை மாரத்தான் தொடங்கும் இடத்தில் பெரிய கடிகாரம் வைக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஓர் ஈரக்குமிழ் வெப்பமானியும் தொங்க வேண்டும். கடலோரத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளி மைதானத்திலும் தொங்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு இரண்டு வெப்பமானிகள், ஒரு முழத் துணி.

பெரியவர்கள் தொடங்கட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் இருவர் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்கும், 11 மணிக்கும், மாலை 4 மணிக்கும் இரண்டு வெப்பமானிகளையும் பார்த்துக் குறித்து வையுங்கள். வார முடிவில் அந்த அட்டவணையை உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். விளையாட்டு விழா எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை அவருக்கு அந்த அட்டவணையே சொல்லிவிடும்.