படி இறங்க முடியாதவரிலிருந்து திட்டம் தொடங்கட்டும்

வளவு, கிணறு, வேலி, படலை என்றிருந்த யாழ்ப்பாணத்து வாழ்க்கை மெல்ல மெல்ல மாடியேறுகிறது. குருநகரில் கடற்றொழிலாளர் குடும்பங்கள் தொடர்மாடியில் வாழப் பழகிக் கனகாலம். இப்போது நகரத்துக்குள்ளும் திருநெல்வேலிப் பக்கமும் புதிய தொடர்மாடிகள் எழும்புகின்றன. காணி விலை ஏறிய ஊரில் இது தவிர்க்க முடியாதது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. நள்ளிரவில் தீப்பிடித்தால், அந்த மாடிகளில் இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? எழுத்தில் ஒரு வெளியேற்றத் திட்டமும் ஆண்டுக்கு ஓர் ஒத்திகையும் இல்லாத தொடர்மாடியில் ஆட்களைக் குடியிருத்த அனுமதிக்கக் கூடாது என்பதே நமது நிலைப்பாடு. அந்தத் திட்டமும் வேகமாக ஓடக்கூடியவரை மனதில் வைத்து அல்ல, படி இறங்க முடியாதவரை மனதில் வைத்தே எழுதப்பட வேண்டும்.

வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கட்டி முடித்துச் சில ஆண்டுகள் சென்றபின் படிக்கட்டைப் போய்ப் பாருங்கள். திருப்பத்தில் செருப்புத் தட்டு, அதன் பக்கத்தில் வெறும் காஸ் சிலிண்டர், கீழ்ப்படியை மறித்தபடி மோட்டார் சைக்கிள். கள்ளர் பயத்தில் பின்வாசலுக்குப் பூட்டு, திறப்பு காவலாளியிடம். மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு. யன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கிறில். சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியின் திகதி முடிந்து எத்தனை நாள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. எல்லாம் சேரும்போது, உள்ளே இருப்பவருக்கு வெளியேற வழியில்லை.

ஓடித் தப்புவதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான். போர்க்காலத்தில் பங்கர் வெட்டி வாழ்ந்த சனம் இது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி, மழையில் நாவற்குழிப் பாதையை நிறைத்துத் தென்மராட்சிக்கு நடந்தது. நடக்க இயலாத முதியோரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் அன்று உருட்டுவதற்கு வீட்டில் மகனும் மருமகனும் இருந்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு அயலட்டை வந்தது. இன்று நான்காம் மாடியில் இருக்கும் அம்மாவின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பாதுகாப்பு என்று நம்பித்தான் அவரைத் தொடர்மாடியில் குடிவைத்தார்கள். முழங்கால் வருத்தத்தோடு இருக்கும் அவர் லிஃப்டை நம்பி வாழ்கிறார். எதிர்வீட்டில் இருப்பவர் பெயரும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அந்த லிஃப்டோ மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிட முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது. ஜெனரேற்றர் இருக்கிறதே என்பது தீ விபத்தில் பதிலாகாது. தீப்பிடித்த கட்டடத்தில் லிஃப்டில் ஏறவே கூடாது என்பது முதற் பாடம். ஆக, மிகத் தேவையான நேரத்தில் அந்த அம்மாவுக்கு எஞ்சுவது படிக்கட்டு மட்டுமே.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அதிகாலை பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். 24 மாடிக்கும் ஒரே படிக்கட்டு. ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்ற அறிவுறுத்தல், முதல் அழைப்பு வந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே கைவிடப்பட்டது. அங்கு வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் உயிரிழந்தார்கள். தாமாக இறங்க முடியாத ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வெளியேற்றத் திட்டம் வேண்டும் என்று விசாரணைக் குழு 2019இல் பரிந்துரைத்தது. 2025 நவம்பர் 26இல் ஹொங்கொங்கின் தாய் போ பகுதியில் உள்ள வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் எட்டுக் கோபுரங்களில் ஏழு எரிந்தன. 160க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானோர் முதியவர்கள். எச்சரிக்கை மணிகள் ஒழுங்காக ஒலிக்கவில்லை. பணமும் சட்டமும் தீயணைப்பு வசதியும் நிறைந்த நகரங்களின் கதை இது.

இங்கே லண்டனின் 24 மாடியும் இல்லை, ஹொங்கொங்கின் 31 மாடியும் இல்லை. நாலைந்து மாடிக்கு இவ்வளவு ஆரவாரம் எதற்கு என்று கேட்கலாம். தீயில் மாட்டுபவர்களில் பலரை நெருப்பு தொடுமுன் புகை கொன்றுவிடுகிறது. கீழ்மாடிச் சமையலறையில் எழும் புகைக்குத் திறந்த படிக்கட்டு புகைபோக்கி போல் ஆகிவிடும். மூன்றாம் மாடியை அடைய அதற்குச் சில நிமிடம் போதும். 2021 இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகள் நாட்டையே பதறவைத்தது நினைவிருக்கும்.

தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்று ஆறுதல்படவும் முடியாது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்தில் தீயணைப்புச் சேவையே இருக்கவில்லை; யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி போய்ச் சேருமுன் கடைகள் சாம்பலாகின. குடாநாட்டுக்குள் தூரம் குறைவுதான். ஆனால் இரு பக்கமும் மதில் எழுப்பிய எங்கள் ஒழுங்கைகளில் அந்த வண்டி நுழையுமா, நுழைந்தால் திரும்புமா, ஏணி விரிக்க இடம் உண்டா? மாநகர எல்லைக்கு வெளியே, நல்லூர்ப் பிரதேச சபைப் பகுதியில் எழும் மாடிகளுக்கும் மாநகர சபையின் வண்டிதான் ஓடிவர வேண்டுமா? கட்டட அனுமதிக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஆபத்து எது என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டியதும் மாறும். தீ என்றால் கீழிறங்கி வெளியேற வேண்டும். வெள்ளம் என்றால் கீழ்மாடிக்காரர் மேலே ஏற வேண்டும். கீழே இருக்கும் மின்மானிப் பலகையை நீர் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்த ஒருவர் வேண்டும். புயல் என்றால் யன்னல்களை விட்டு விலகி உள்ளறையில் இருக்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை யாழ்ப்பாணத்தை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அனர்த்த அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இலக்கம் 117 என்பதை எத்தனை வீடுகளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட விதிகள் இருக்கின்றன. தொடர்மாடி உரிமையாளர்கள் கூட்டாக நிர்வாக அமைப்பை உருவாக்கவும் சட்டம் வழி வகுத்துள்ளது. இல்லாதது, கட்டடம் எழும்பிய பின் திரும்பிப் போய்ப் பார்க்கும் வழக்கம்தான். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலின் பின் மக்கள் தெரிவுசெய்த சபைகள் மீண்டும் இயங்குகின்றன. அவற்றிடம் நாம் கேட்பவை இவை.

முதலாவது, குடிபுகுவதற்கான சான்றிதழை வழங்குமுன் வெளியேற்றத் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய கட்டடங்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுங்கள்; குருநகர் போன்ற அரச தொடர்மாடிகளில் அந்தச் செலவை அரசே ஏற்கட்டும். இரண்டாவது, தீயணைப்புப் பிரிவினர் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய், பூட்டிய வெளிவாசலும் மறித்த படிக்கட்டும் கண்டால் தண்டம் விதிக்க வழி செய்யுங்கள். மூன்றாவது, கரையோரக் கிராமங்களில் சுனாமி ஒத்திகை நடத்திப் பழகிய மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, தொடர்மாடிகளிலும் கிராம அலுவலரோடு சேர்ந்து ஒத்திகை நடத்தட்டும்.

குடியிருப்பாளருக்கும் கடமை உண்டு. தனியாக இறங்க முடியாதவர் எந்த மாடியில், எந்த வீட்டில் இருக்கிறார் என்ற பட்டியல் காவலாளியிடமும் நிர்வாகக் குழுவிடமும் இருக்க வேண்டும். அத்தகைய ஒவ்வொருவருக்கும் அதே மாடியில் இரண்டு பேர் பொறுப்பாக வேண்டும். ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் இருப்பார். வெளிவாசல் வெளியிலிருந்து பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து திறப்பில்லாமல் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கள்ளர் பயத்துக்கும் அதுவே பதில். வெளியேறியவர்கள் கூடித் தலை எண்ண ஓரிடம் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும்.

இதற்கெல்லாம் காசு வேண்டுமே என்பார்கள். பட்டியலுக்கு ஒரு தாள் போதும். படிக்கட்டைத் துப்புரவாக வைக்க ஒரு சதமும் வேண்டாம். ஒத்திகைக்கு ஒரு ஞாயிறு காலை போதும். எச்சரிக்கை மணிக்கும் அவசர விளக்குக்கும் செலவு உண்டுதான். வீடு வாங்க இலட்சக்கணக்கில் அனுப்பும் புலம்பெயர் உறவுகள், மாபிள் தரையைப் பற்றிக் கேட்குமுன் இரண்டாவது படிக்கட்டைப் பற்றிக் கேட்கட்டும். வாங்குபவர் கேட்டால் கட்டுபவர் கட்டுவார். கேட்காதவருக்கு அதைக் கட்டாயமாக்கும் வேலை சபைகளுடையது. அடுத்த மாரி தொடங்குமுன் யாழ். மாநகர சபையும் நல்லூர்ப் பிரதேச சபையும் தங்கள் எல்லைக்குள் உள்ள தொடர்மாடிகளின் பட்டியலையும், அவற்றில் எத்தனைக்கு வெளியேற்றத் திட்டம் இருக்கிறது என்ற விவரத்தையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.