ரோத்தானை எடுக்கும் முன்

அண்ணன்மாரே, அக்காமாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். பையன் வகுப்பில் உட்காரமாட்டேன் என்கிறான், சின்னதுக்கெல்லாம் கத்துகிறான், தங்கையை அடிக்கிறான் என்று ஆசிரியர் சொன்னால், வீட்டுக்கு வந்ததும் நம் கை தேடுவது ரோத்தானை. நானும் அடித்தவள்தான். அதற்கும் அடங்காவிட்டால் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டுகிறோம். அவன் விளையாடும் இடத்தில் யார் பழைய பேட்டரியை உடைத்தார்கள் என்று ஒருவராவது கேட்டோமா?

ஈயம் என்றால் நமக்குப் பத்தாங் பெர்ஜுந்தை லம்பம் நினைவுக்கு வரும். அங்கே தோண்டியெடுத்தது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம்: பேட்டரித் தகட்டில், மீன்வலையில் கோக்கும் குண்டில், உதிரும் பழைய சாயத்தில் இருப்பது. அதன் தூள் தரையில் படியும். தவழும் பிள்ளை அந்தக் கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிட 4, 5 மடங்கு வரை பிள்ளைகளின் குடல் அதை உறிஞ்சும். இரும்புச் சத்து குறைந்திருந்தால் இன்னும் கூடுதல். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்தாக எண்ணி எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவைக்கும். மூளையையும் அது விடாது.

நாம் கூரைமேல் எறிகிறோமே பால்பல், அதைத்தான் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் பாஸ்டன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் வாங்கிச் சோதித்தார். முடிவு 1979இல் வந்தது. எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு காரீயம் என்று அறியாத ஆசிரியர்களே, அது மிகுந்திருந்த பிள்ளைகளைத்தான் கவனம் சிதறுகிறவர்கள், பொறுமையற்றவர்கள், சொன்னதைச் சொன்னபடி செய்ய முடியாதவர்கள் என்று அதிகம் குறித்திருந்தார்கள். பார்வைக்கு ஒரு நோயும் தெரியாத பிள்ளைகள்! அவர்கள் வளர்ந்தபின் திரும்பப் பார்த்த ஆய்வு 1990இல் வெளிவந்தது: பல்லில் காரீயம் மிகுந்திருந்தவர்களில்தான், மற்றவர்களைவிட, பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அதிகம்.

குறும்பு செய்யும் எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். விசாரிக்காமல் அடிப்பது அநியாயம் என்கிறேன். மின்மினி தங்கும் பெரெம்பாங் மரத்தை வெட்டினால் அது போய்விடும் என்று கம்போங் குவாந்தானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செம்புக்காக நாம் கொளுத்தும் ஒயரின் காரீயம் கலந்த புகை அதே பிள்ளையை என்ன செய்யும் என்று பெரியவர்கள் நமக்குத் தெரியவேண்டாமா?

வலைக் குண்டை அடுப்பில் உருக்காதீர்கள். பேட்டரியை உடைக்காமல் முழுசாகவே விற்றுவிடுங்கள். ஒர்க்‌ஷாப் உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமலிருக்கக் கீரையும் நெத்திலியும் தட்டில் இருக்கட்டும். காரீயத்துக்கு ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே அடுத்த முறை கிளினிக் போகும்போது, ‘பிள்ளையின் ரத்தத்தில் காரீயம் பார்க்கவேண்டும் டாக்டர்’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.